துக்கத்துக்கு மட்டும் விலக்கு

சில்லாங்கோட்டையில ஃப்ளெக்ஸ் எல்லாம் வெள்ளையாப் போன அந்த வைகாசி வியாழக்கிழமை காலையில, பஸ் ஸ்டாண்டு முக்குல மூணாள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கிட்டு நின்ன கவுன்சிலரக் காணோம், அவரு காலுக்குக் கீழ வரிசை கட்டி நின்ன அம்பத்திரண்டு தம்பிமாரக் காணோம், காதுகுத்துக்கு வருக வருகன்னு மீசைய முறுக்கிக்கிட்டு நின்ன தாய்மாமன்மாரக் காணோம், கழுத்து நிறைய நகை போட்டுச் சிரிச்ச பொம்பளையக் காணோம். கம்பும் சட்டமும் அப்படியே நிக்கு, சட்டத்துல துவைச்சுக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளைத் துணி மட்டும் தொங்குது. பால் வாங்க வந்தவன் தூக்குவாளியக் கீழ வச்சிட்டு வாயப் பொத்திக்கிட்டான். கவுன்சிலரோட அம்மா, மகனுக்குத்தான் ஏதோ ஆயிப்போச்சுன்னு நெனச்சு நடுரோட்டுல உக்காந்து அழுதா.

நான் தங்கப்பழம். தங்கப்பழம் டிஜிட்டல்ஸ்னா இந்தச் சுத்துப்பட்டுல தெரியாத ஆள் கிடையாது. அந்த அத்தனை மூஞ்சியும் என் மெஷின்ல ஓடுனது. பதினேழு வருஷமா நான் அடிச்ச மூஞ்சி ஒரே ராத்திரியில துடைச்சுப் போட்ட மாதிரி போனா எனக்கு எப்படி இருக்கும்? கையும் ஓடல, காலும் ஓடல. எனக்குக் கோவம் வந்தா முதல்ல பிளட் பிரஷர் ஏறும், பிறகுதான் வார்த்தை வரும். அன்னிக்கு வார்த்தையே வரல.

எப்படி ஆச்சுன்னு கேட்டா, அதுல பெருசா ஒண்ணும் இல்ல. கடைக் கம்ப்யூட்டர்ல நான் மூலத்துக்கு மருந்து இருக்கான்னு ஒரே ஒரு தடவ தேடித் தொலைச்சேன். அதுக்குப் பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மூல மருந்து விளம்பரம்தான். கல்யாண டிசைன் பாக்க வந்த சம்பந்திமாரு ரெண்டு வீட்டாரும் எனக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருக்காவ, நடுவுல ஒருத்தன் பின்பக்கத்தப் பிடிச்சுக்கிட்டு அழுத படம் வந்து வந்து நிக்கு. மானம் போச்சு. என்கிட்ட டிசைன் வேலை பாக்குற பிரிசில்லாதான், “அண்ணாச்சி, பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன்னு ஒரு குட்டிச் சாமான் போட்டுருவோம். விளம்பரமும் வராது, நாம எங்க போறோம், என்ன பாக்கோம்னு பின்னாலயே வந்து நோட்டம் பாக்குறவனும் வரமாட்டான்”னு சொன்னா.

“அப்படிப் பின்னால வேற வாரானா?”ன்னு கேட்டேன்.

“வாரான் அண்ணாச்சி”ன்னா. அவ அதச் சொன்ன விதத்தை நான் அப்பவே கவனிச்சிருக்கணும், கவனிக்கல.

அந்தச் சாமான் ஏறி முடிஞ்சதும், இந்தப் பக்கத்துல மட்டும் தடுக்கவா, எல்லா இடத்துலயும் தடுக்கவான்னு கேட்டுது. எல்லா இடத்துலயும்னு அமுக்கிட்டு அவ மாடிக்குப் போயிட்டா. கடைக்கு மேல இருந்த ஒத்தை ரூம்லதான் அவ குடியிருந்தா. கம்ப்யூட்டர் சொன்ன சொல்லத் தட்டாம எல்லா இடத்துலயும் தடுத்துப் போட்டுது. அவ்வளவுதான் சங்கதி.

கவுன்சிலர் ஆட்கள் கடைக்கு வந்து, எவன்வே அழிச்சதுன்னு சட்டையப் பிடிச்சாவ. அவங்க கண்ணு முன்னாலயே திரும்ப அடிச்சேன். கடைக்குள்ள இருக்க வரைக்கும் கவுன்சிலர் செவசெவன்னு இருந்தாரு, கம்புல ஏத்திக் கட்டுன நிமிஷம் வெளுத்துப் போனாரு. மூணு தடவ கட்டிப் பாத்தாவ. நாலாவது தடவ, கட்டுனவனே கயித்தப் போட்டுட்டு ஏணியில இருந்து இறங்கிட்டான்.

சரி, துணியோட போச்சான்னா அதுவும் இல்ல. பஸ்ல பல்பொடி விக்குறவரு வாயத் திறக்காரு, உதடு அசையுது, சத்தம் வரல. ஊறுகாய்க்காரிக்கு ஊறுகாய்ங்குற வரைக்கும் வருது, ருசிங்குற சொல்லு வரல. கல்யாணத் தரகர் அருணாசலத்தோட பாடுதான் பெரும்பாடு. பொண்ணு தங்கமான பொண்ணுன்னு சொல்ல வாய எடுத்தா காத்துதான் வருது, பொண்ணுக்குக் கொஞ்சம் கோவம் வரும்னு சொன்னா மட்டும் கணீர்னு கேக்கு. மனுசன் வேர்த்து விறுவிறுத்து எந்திரிச்சுப் போயிட்டாரு. மாப்பிள்ளை வீட்டார் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு, கோவம்தான, எங்க பையனும் விடியுற வரைக்கும் குறட்டை விடுவான்னு சொல்லி வெத்தலைய மாத்திக்கிட்டாவ. அந்த மாசம் இப்படி மூணு கல்யாணம் முடிவாச்சு.

எதுத்த மாடி ருக்குமணி, இருபது வருஷமா சன்னல்ல இருந்து யாரு வீட்டுக்கு யாரு வாரா, யாரு பின்னால யாரு போறான்னு பாத்தே பொழுதப் போக்குன மகராசி. அவ சன்னலத் திறந்தா வெளிய வெறும் வெள்ளை, சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி. கண்ணு போச்சுன்னு ரெண்டு நாள் ஒப்பாரி வச்சா. வாசலுக்கு வந்து நின்னா எல்லாம் தெரியுது, ஒளிஞ்சு நின்னு பாத்தாத்தான் தெரியல. மூணாம் நாள் அந்தச் சன்னல்ல தொட்டி வச்சுக் கீரை போட்டுட்டா. நல்லா வந்துது கீரை, எங்க வீட்டுக்கும் ரெண்டு கட்டு குடுத்தா.

இப்படியே ஊருக்குப் பழகிப் போச்சு. முதல் வாரம் வாயப் பொத்துனவங்க மூணாவது வாரம் அந்த வெள்ளைத் துணிய அவுத்துக் கொண்டுபோய் நெல்லு காயப்போட்டாவ. எனக்குத்தான் வேலை இல்ல. அந்தச் சாமான எடுத்துருவோம்னு சொன்னா, இன்னும் ஒரு வாரம் போகட்டும் அண்ணாச்சின்னு பிரிசில்லா தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தா. பிரிசில்லாவும் நானும் கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். கையில குடுக்குறது தப்பிச்சுது, எதுல ஏத்தி ஊருக்குக் காட்டுறமோ அதுதான் வெளுத்துது.

அப்பதான் கண்டக்டர் மரியதாஸ் டீக்கடையில ஒரு கூத்துச் சொன்னாரு. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன் நம்ம ஸ்டாப்புல இறங்குதானாம். இறங்கி, மணிக்கூண்டுக்கு அடியில நின்னுக்கிட்டு, சில்லாங்கோட்டைக்கு எப்படிப் போகணும்னு கேக்கானாம். இதாம்யா சில்லாங்கோட்டைன்னு சொன்னா, வெறும் கரிசக் காட்டக் காட்டி ஏமாத்தப் பாக்கியான்னு சண்டைக்கு வாரானாம். கையில போன வச்சுக்கிட்டு, இங்கதான் காட்டுது, இங்கதான் காட்டுதுன்னு புலம்பிட்டு, திரும்புற பஸ்ல ஏறிப் போயிருதானாம். டீக்கடையே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுது. எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரி கோமுகிட்ட நானும் சிரிச்சுக்கிட்டே இதச் சொன்னேன். பிரிசில்லா சிரிக்கல. மவுஸ விட்டுட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா.

கோமு தூக்குச்சட்டிய வச்சிட்டு அவ பக்கத்துல உக்காந்தா. “என்னட்டி?”ன்னா.

பிரிசில்லா முடியத் தூக்கிக் காதுக்குப் பின்னால காட்டுனா. இஸ்திரிப் பெட்டி வச்ச தழும்பு.

“அவன்தான் மதினி. ஆல்வின். கட்டுனவன். போன்ல எனக்குத் தெரியாம என்னமோ போட்டு வச்சு, நான் போற இடமெல்லாம் வந்தான். தென்காசிக்கு ஓடினேன், வந்தான். மதுரையில ஹாஸ்டல்ல இருந்தேன், வந்தான். ஒம்பது நாள் ரூம்ல வச்சுப் பூட்டுனான். அடுத்த தடவ பேச்சு கிடையாது, வெட்டுத்தான்னு சொல்லியிருக்கான். சொன்னா செய்வான். இந்த ஒரு மாசமாத்தான் நான் முதுகுக்குப் பின்னால திரும்பிப் பாக்காம நடக்கேன்.”

இத நம்ம மூணு பேரத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு கோமு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினா. சத்தியமா நான் யாருகிட்டயும் சொல்லல. அத மட்டும் எங்க வேணாலும் வந்து சொல்லுவேன். அந்தச் சாமான் கம்ப்யூட்டர்ல இருக்குற வரைக்கும் உன்னை ஒரு பய தொட முடியாது தாயின்னு நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

பிறகு கம்பவுண்டர் வேலாயுதம் செத்துப் போனாரு.

எங்க ஊர்ல ஒரு வழக்கம், வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாவ. எழவ யாரும் வாயால சொல்ல மாட்டோம், போன்லயும் சொல்ல மாட்டோம். சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டணும், அதப் பாத்துத்தான் ஆள் கிளம்பும். பக்கத்து வீட்டுல அழுகைச் சத்தம் கேட்டாலும் போஸ்டர் வரட்டும்னு சட்டைய மாட்டிக்கிட்டுத் திண்டாடுவோமே தவிரப் படியேற மாட்டோம். அழைக்காத வீட்டுக்குப் போன மாதிரி ஆயிரும்லா. போஸ்டரப் பாத்துட்டா, அதுக்குப் பிறகு யாரு செத்தா, எப்படின்னு ஒரு கேள்வி கேக்கப்படாது, மாலையோட வாசல்ல போய் நிக்கணும். எழவுக்கு வந்தவன் எவனா இருந்தாலும் வழி மறிக்கப்படாது, கையப் பிடிச்சுக் கொண்டுபோய் விடணும்.

நாப்பது வருஷமா ஊசி போட்டவரு வேலாயுதம். அவரு போஸ்டர் பசை காயுறதுக்குள்ள வெளுத்துப் போச்சு. ஏழு பேரு வந்தாவ. ஏழே ஏழு பேரு. அவரு மக பேச்சியம்மா பதினாறாம் நாள் முடிஞ்ச கையோட என் கடை வாசல்ல வந்து நின்னா.

“எண்ணே, எங்க அப்பா ஊசி போடாத ஆளு இந்த ஊர்ல எவன் இருக்கான்? உங்க மகளுக்குக் காய்ச்சல் கண்டப்ப மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தாரே, நீங்ககூட வரலியே!”

நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துது. மறுநாள் வியாபாரிகள் சங்கம் கூடுச்சு. அந்தச் சாமான்ல விலக்குன்னு ஒண்ணு இருக்காமே, இன்னதை மட்டும் விட்டுருன்னு சொல்லலாமாமே, துக்கத்துக்கு மட்டும் விலக்கு குடுன்னு கேட்டாவ. நான் வந்து பிரிசில்லாகிட்டச் சொன்னேன். ஒரேயடியாத் தலைய ஆட்டுனா.

“வேண்டாம் அண்ணாச்சி. விலக்குன்னு ஒரு ஓட்டை போட்டா அது வழியா எது வேணாலும் வரும். விளம்பரக்காரன் அப்படித்தான் எப்பவும் உள்ள வாரான்.”

“எழவு வீட்டுல என்னம்மா விளம்பரம் இருக்கு?”ன்னு கத்திட்டேன். “செத்தவனுக்கு அழக்கூடாதுன்னு சொல்ல நீ யாரு?”

ஊரு அவளுக்கு ஒதுங்க இடம் குடுத்த ஊரு, அவ என்ன சொல்லுவா? ஞாயித்துக்கிழமை அவ சர்ச்சுக்குப் போன நேரம் பாத்து, நானே கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். துக்கத்துக்கு மட்டும் விலக்குன்னு ஒரு கட்டத்துல ஒரு அமுக்கு அமுக்குனேன்.

வெளிய ஓன்னு சத்தம். ஓடிப் போய்ப் பாக்கேன், ஊர்ச் சுவரெல்லாம் வேலாயுதம். வெளுத்துக் கிடந்த போஸ்டர் எல்லாத்துலயும் அந்த மனுசன் கண்ணாடியப் போட்டுக்கிட்டுச் சிரிக்காரு, ரேஷன் கடைச் சுவத்துல, தண்ணித் தொட்டியில, பள்ளிக்கூடத்து மதில்ல. சைக்கிள்ல போனவன் இறங்கி அழுதான். ஊசிக்குப் பயந்து ஓடுன கிழவிகூட அழுதா. பேச்சியம்மா வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. எனக்குத் தலை கால் புரியல. சங்கத்துத் தலைவரே எந்திரிச்சு வணக்கம் வச்சாருன்னா பாத்துக்கோங்க.

சில்லாங்கோட்டையில துக்கத்துக்கு மட்டும் விலக்குன்னு கடை நம்பரோட ஃபேஸ்புக்லயும் போட்டுட்டு, அந்தப் பெருமையில மிதந்துக்கிட்டு இருக்கும்போதுதான் மத்தியானம் போன் வந்துது. ஒரு பையன் விசும்பி விசும்பி அழுதான். “அண்ணாச்சி, வீட்டுல ஒரு துக்கம். போஸ்டர் டிசைன் ரெடியா இருக்கு, அனுப்புறேன், அடிச்சு ஒட்டிருங்க. காலையில எட்டு மணிக்குள்ள ஊரு பூரா இருக்கணும்.”

எங்க வழக்கப்படி நான் யாரு என்னன்னு ஒரு கேள்வி கேக்கல. அவன்தான் கேட்டான், “ஊர்ல ஆள் வருவாங்களா அண்ணாச்சி?”

நான் அப்ப வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். எனக்கா அது வரும்? “என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க ஊர்ல போஸ்டர் மட்டும் ஒட்டிட்டாப் போதும், ஊரே திரண்டு வீட்டு வாசல்ல நிக்கும். நீங்க வழிகூடக் கேக்க வேண்டாம், கூட்டம் போற பக்கம் பின்னாலயே வாங்க, வீடு வந்துரும்”னு சொன்னேன்.

“ரொம்ப நன்றி அண்ணாச்சி”ன்னு வச்சுட்டான்.

இருநூறு தாள் ஓடுச்சு. பேச்சியம்மா குடுத்தனுப்புன வடையத் தின்னுக்கிட்டு, வந்தவன் போனவன்கிட்டயெல்லாம் விலக்கு குடுத்த கதையப் பேசிக்கிட்டே மெஷினப் பாத்தேன், தாளப் பாக்கல. பட்டு முக்காடு போட்ட ஒரு சின்னப் பொண்ணு படம்னு மட்டும் கண்ணுல பட்டுது, ஐயோ பாவம்னு சொன்னேன். சொன்னேனே, ஐயோ பாவம்னு! கட்டக் கட்டி, ஒட்டுற பூலையன்கிட்டக் குடுத்தனுப்பிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் காலையில எட்டேகாலுக்கு நானும் கோமுவும் பைக்குல வாரோம், கடை வாசல்ல ஊரே நிக்கு. கையில ரோசாப்பூ மாலை, தோள்ல இருந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டியிருக்காவ, கொட்டுக்காரங்க வந்தாச்சு, ஐஸ் பெட்டி வண்டி பின்பக்கமா ஏத்தி நிக்கு. எனக்கு ஒண்ணும் விளங்கல. பேச்சியம்மா என்னைக் கட்டிப் பிடிச்சு, “நல்ல பிள்ளையாச்சேண்ணே, நேத்துக்கூடச் சிரிச்சுதேண்ணே”ன்னு அழுதா. யாருக்கு என்னன்னு கேட்டேன். கடைச் சுவத்தக் காட்டுனா.

முக்காட்டுக்குள்ள இருந்து பிரிசில்லா பாக்கா. ஆறேழு வருஷம் சின்னவளா, கன்னம் உப்பி, கல்யாணக் கோலத்துல. கண்ணீர் அஞ்சலி. கண்ணீருடன், கணவர் ஆல்வின். கீழ ஓரத்துல தங்கப்பழம் டிஜிட்டல்ஸ், என் போன் நம்பர்.

அந்த நேரம் பாத்து மாடிப்படியில தலைய ஈரத்துணியால துவட்டிக்கிட்டே அவ இறங்கி வாரா. “என்ன அண்ணாச்சி, காலையிலயே இவ்வளவு கூட்டம்?”

கொட்டு பட்டுன்னு நின்னுது. ஒரு பொம்பள அந்தாக்குல மயங்கி விழுந்தா. அழுதவங்க வாயத் திறந்தபடியே நின்னாவ. பிறகு பேச்சியம்மாதான், “ஏ தாயி, நீ இருக்கியா!”ன்னு கத்திக்கிட்டு ஓடிப்போய் அவ கன்னத்தத் தடவுனா. ஊரு சிரிக்கவா அழவான்னு தெரியாம அவளச் சூழ்ந்துக்கிட்டுது. பிரிசில்லா எங்களப் பாக்கல, சுவத்தப் பாத்தா. அவ மூஞ்சியில ரத்தம் வடிஞ்சு போனத நான் என் கண்ணால பாத்தேன்.

அப்பதான் கூட்டத்துக்குப் பின்னால இருந்து குரல் வந்துது, “வழி விடுங்க, வழி விடுங்க, புருஷன் வாராரு.”

வெள்ளைச் சட்டை. ரெண்டு கையிலயும் பெரிய மாலை. பஸ்ஸ விட்டு இறங்கினவனுக்கு ஊரு தெரிஞ்சிருக்கு, எழவுக்கு வந்தவன்லா, விலக்கு இருக்குல்லா. கூட்டம் போற பக்கம் பின்னாலயே வந்திருக்கான். தள்ளாடி விழுந்துராம ரெண்டு பேரு அவன் முழங்கையத் தாங்கிக் கூட்டிட்டு வாராவ. எங்க ஊர் ஆட்கள், எங்க வழக்கப்படி. அவ உயிரோட இருக்குற சேதி இன்னும் அந்தப் பக்கம் போகல. பத்தடி, எட்டடி. நான் கத்த வாயத் திறந்தேன், சத்தம் வரல. அந்தச் சாமான் தடுக்கல, பயம்தான் அடைச்சுது.

கோமு பாஞ்சா. பதினெட்டு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்துனவ, ஒரு கரப்பான் பூச்சிக்கு மேசையில ஏறுறவ, பாஞ்சு அந்த மாலையப் பிடிச்சு இழுத்தா. நார் அறுந்து பூ சிதறுச்சு, பூவுக்குள்ள இருந்து அருவா வந்துது. “பிடிங்கய்யா அவன, வெட்ட வந்திருக்கான்!” கூட்டம் ஓன்னு அலறிப் பின்வாங்குச்சு. முழங்கையத் தாங்குனவங்ககூட விட்டுட்டாவ. அவன் அருவாள ஓங்கிட்டான்.

பிரிசில்லா மாடிக்கு ஓடல. கடைக்குள்ள ஓடுனா. கம்ப்யூட்டர் முன்னால நின்னுக்கிட்டே விலக்க எடுத்துவிட்டா.

சுவத்துல அவ மூஞ்சி வெளுத்துது. ஓங்குன கை அப்படியே நின்னுது. “இங்க ஒரு கடை இருந்துதே”ன்னான் ஆல்வின். சுத்திச் சுத்திப் பாத்தான். “இங்க ஆளுக நின்னாங்களே, எங்க எல்லாரும்?”னு கேட்டான். வெறுங்காட்டுல நிக்குற மாதிரி அருவாளத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னவன, நாலு பேரு பின்னால போய்த் தட்டிவிட்டு, அலக்காத் தூக்கிக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல போட்டாவ. காத்து என்னைத் தூக்கிட்டுப் போகுதுன்னு வழி நெடுகக் கத்திக்கிட்டே போனானாம்.

நான் கடைக்குள்ள ஓடினேன். “தாயி, நான் தாளப் பாக்கலம்மா, சத்தியமாப் பாக்கல”ன்னு சொன்னேன். நாற்காலி காலியா இருந்துது. மவுஸ் மட்டும் தானா மெல்ல நகந்துது. பின்னாலயே பேச்சியம்மாவும் பத்துப் பொம்பளைகளும் அழுதுக்கிட்டே உள்ள வந்து அந்தக் காலி நாற்காலியக் கட்டிப் பிடிச்சாவ.

“கோமு, அவ எங்க?”ன்னேன்.

கோமு என்னை ஒரு மாதிரிப் பாத்தா. “உங்க முன்னாலதான உக்காந்திருக்கா.”

நல்லாக் கண்ணக் கசக்கிட்டுப் பாத்தேன். வெள்ளையா இருந்துது, சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி. அந்தச் சாமான் என்னையும் சேத்துத் தடுத்துப் போட்டுது.

இதாச்சு நாலு மாசம். ஊருக்கே அவ தெரியுதா. ருக்குமணி அவளுக்குக் கீரை குடுக்கா, கண்டக்டர் மரியதாஸ் அவளுக்குச் சீட்டுப் பிடிச்சுக் குடுக்காரு. எழவு விழுந்தா இப்ப ஊர்ல வாயால சொல்லுதோம், வீடு வீடாப் போய்ச் சொல்லுதோம், வெக்கமா இருந்தாலும் சொல்லுதோம். கடையில அவதான் இன்னமும் டிசைன் பண்ணுதா. காலையில நான் வந்து பாத்தா வேலை முடிஞ்சு இருக்கு, டீ டம்ளர் காலியாகுது. நானும் அந்த நாற்காலியப் பாத்து மன்னிப்புக் கேக்காத நாளு கிடையாது. பதில் வந்தாலும் என் காதுல விழாது.

போன வாரம் கோமுவ விட்டுக் கேக்கச் சொன்னேன். அவருக்கு மட்டும் ஒரு விலக்கு குடுத்திரேன்ட்டி, மனுசன் நொந்து போயிட்டாருன்னு கோமு கேட்டா. நான் பக்கத்துலயேதான் நின்னேன். எனக்கு அங்க காலி நாற்காலிதான் தெரிஞ்சுது. பிறகு கோமு கண்ணத் துடைச்சுக்கிட்டு என் பக்கம் திரும்புனா.

“அண்ணாச்சி கெட்டவங்க இல்ல மதினி, ஆனா அவன் அவங்க பின்னாலதான் வந்தான்”னு சொன்னாளாம். சொல்லி முடிக்குற வரைக்கும் அவ என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தாளாம்.